அம்மனின் இடது கன்னம்

அருங்காட்சியகத்தில் புதிதாக ஒரு திரை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போன மாதம் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்று வருடங்கள் ஆனாலும் அந்த வாசலில் என்னிடம் டிக்கெட் கேட்பதில்லை. அந்த மரியாதையாவது மிச்சமிருக்கிறது. திரையில் ஒரு வெண்கல அம்மன் சிலை தெரிந்தது. விரலால் தள்ளினால் சுற்றுகிறது. முகம், முதுகு, பீடத்தின் அடிப்பக்கம் எல்லாம் தெரிகின்றன. பக்கத்தில் நின்ற ஊழியப் பெண், "எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பிக்கலாம் ஐயா" என்றாள்.

நான் சிலையைத் திருப்பி, இடது கன்னம் தெரிகிற இடத்தில் நிறுத்தினேன். விரலை எடுக்க மனம் வரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கனைக்க ஆரம்பித்தார்கள்.

"ஏன் ஐயா இந்தப் பக்கத்தையே பாக்குறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் சூசைராஜ். ஊர் வெண்ணாற்றங்கரையில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போனவர்கள். பள்ளிக்கூடம் முடித்து, அங்கே இங்கே அலைந்து, கடைசியில் தஞ்சாவூரில் சிலைகள் வைத்திருக்கும் ஓர் அருங்காட்சியகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். வேலை என்றால் காலையில் கதவு திறப்பது, சிலைகளை எண்ணுவது, மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவது, பகல் முழுக்க "தொடாதீங்க, தொடாதீங்க" என்று கத்துவது. என்னோடு வேலை பார்த்தவர்கள், "ஏன்டா சூசை, உங்க மாதாவக் கூட நீ இவ்வளவு தொடச்சிருக்க மாட்ட" என்று கேலி செய்வார்கள். அது உண்மைதான்.

எங்கள் காப்பாட்சியர் சாரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு சிலையை நகர்த்த வேண்டுமென்றால் அரை நாள் எடுத்துக்கொள்வார். முதலில் மோதிரம், கைக்கடிகாரம், இடுப்புச் சாவி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பிறகு பருத்திக் கையுறை. ஒரு கை பீடத்துக்கு அடியில், இன்னொரு கை முதுகில். கையைப் பிடித்தோ, பின்னால் வளைந்து நிற்கும் திருவாசியைப் பிடித்தோ தூக்கினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காத அளவுக்குப் பேச்சு வாங்கலாம். கீழே வைக்கும் இடத்தில் மணல் அடைத்த தலையணை இருக்க வேண்டும். எல்லாம் தயாரான பிறகும் ஒரு நிமிஷம் சும்மா நிற்பார். அதன் பிறகுதான் "ம், மெதுவா" என்பார். தண்ணீர் பட்டால் வெண்கலத்தில் பச்சைப் பொடி பூக்கும், அது சிலையின் புற்றுநோய் என்று சொல்லிக் கூடத்துக்குள் யாரையும் தண்ணீர்ப் பாட்டிலோடு விட மாட்டார். நான் எரிச்சல்படாத நாள் கிடையாது. ஆனால் அவர் இருந்தவரை ஒரு சிலைக்கும் ஒரு கீறல் விழவில்லை.

படம் வரைய வருகிறவர்களுக்கும் அவர் சட்டம் வைத்திருந்தார். பென்சில் மட்டும்தான். மை, வண்ணம் கூடாது. சிலையிலிருந்து இரண்டு கை தள்ளி உட்கார வேண்டும். நாற்காலி கிடையாது, முக்காலிதான். இந்தச் சட்டத்துக்கெல்லாம் கட்டுப்பட்டு நீடாமங்கலத்திலிருந்து சனிக்கிழமைதோறும் பாசஞ்சர் ரயிலில் ஒருவர் வருவார். வசந்தா டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. தோளில் ஒரு துணிப்பை, அதில் வரைபடத் தாள்கள், எலுமிச்சைச் சாதம். நேரே போய் முக்காலியைச் சிலையின் பக்கவாட்டில் போட்டுக்கொள்வார்.

"ஏன் டீச்சர் எப்பவும் ஓரமாவே உக்காருறீங்க? முகம் முழுசா தெரியாதே" என்று ஒரு நாள் கேட்டேன்.

"முன்னாடி இருந்து எல்லாரும்தான் பாக்குறாங்க சூசை. இங்க ஜன்னல் வெளிச்சம் கன்னத்துல விழுதுல்ல, அதுல மூக்கும் உதடும் தனியா எழுந்து வருது. செஞ்சவரு எங்க நிறுத்தி யோசிச்சாருன்னு இந்தப் பக்கம்தான் தெரியும்."

எனக்கு அது அவ்வளவாகப் புரியவில்லை. சிலை சிலையாகத்தான் தெரிந்தது. ஆனால் டீச்சர் வந்தால் கூடத்தில் சத்தம் குறையும் என்பதால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

காவிரியில் தண்ணீர் வருவது நிச்சயமில்லாமல் போன வருடங்கள் அவை. குறுவை போட்டவன் தலையில் கைவைத்தான். ஊருக்கு ஊர் ஏஜெண்டுகள் சுற்றினார்கள். எஸ்.டி.டி. பூத் வாசலில் பெண்கள் வரிசையில் நின்றார்கள், சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் அழைப்பு வரும் என்று. நிலம் வைத்திருந்தவர்கள் விற்றுவிட்டுச் சென்னையில் ஃபிளாட் வாங்கினார்கள். அவர்கள் பிள்ளைகள் அமெரிக்கா போனார்கள். அங்கே அவர்கள் கட்டிய கோயில்களுக்கு நம் ஊர்க் குருக்கள்மாரும் போனார்கள். பூட்டிய வீடுகளுக்கு நடுவில் பூட்டிய கோயில்கள் இருந்தன. அந்தப் பூட்டுகளை உடைக்கிறவர்களும் அப்போதுதான் பெருகினார்கள்.

அப்படித் திருடுபோன சிலைகளில் ஒன்றைக் காவல்துறை ஒரு கிடங்கில் மீட்டு, நீதிமன்ற உத்தரவோடு எங்களிடம் பாதுகாப்புக்குக் கொடுத்தது. நின்ற கோலத்தில் ஒரு அம்மன், முழங்கால் உயரம். வலது கை பூப் பிடிக்கிற மாதிரி, இடது கை யானைத் துதிக்கை போலத் தொங்கும். எந்த ஊர் அம்மன் என்பதுதான் கேள்வி. குடவாசல் பக்கம் ஒரு சின்ன ஊரில் அதே சமயத்தில் ஓர் உற்சவ அம்மன் களவு போயிருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அது இதுதானா என்று அந்த ஊர்க்காரர்கள் அடையாளம் காட்ட வேண்டும். காட்டினால் சிலை ஊருக்குப் போகும். திருடியவனுக்குத் தண்டனை கிடைக்கும். காட்டாவிட்டால் சிலை அநாதை.

களவு போவதற்கு முன் அந்த ஊர்ச் சிலையைப் புகைப்படம் எடுத்தவர் யாருமில்லை. அலங்காரம் இல்லாமல் அதைப் பார்த்திருக்கக்கூடிய ஒரே மனிதர் அபிஷேகம் செய்த குருக்கள். அவர் அமெரிக்காவில் ஏதோ ஒரு கோயிலில் இருந்தார், போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. பரம்பரை அறங்காவலர் சென்னையிலிருந்து வந்தார். பட்டு வேட்டி, தங்க ஃபிரேம் கண்ணாடி. சிறு வயதிலேயே படிக்கப் போய்விட்டவர். "புடவை, நகை, மாலையோட இருந்தா சொல்லிடுவேன். இப்படி வெறும் விக்கிரகமா பாத்தா நிச்சயமா சொல்ல முடியல" என்றார். அதற்கு மேல் அவருக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. பிறகு ஊரில் மிச்சம் இருந்தவர்களில் வரச் சம்மதித்தது ஒரே ஒரு பெண். அவள் பெயர் அஞ்சலை.

அஞ்சலைக்கு ஐம்பது வயது இருக்கும். நடவு, களையெடுப்பு, கதிரறுப்பு என்று வயலிலேயே கறுத்த உடம்பு. கோயிலின் வெளிப்பிராகாரம் கூட்டுகிறவள் என்பதால் சாட்சியாகச் சேர்த்திருந்தார்கள். ஒரே மகன் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அவன் முழுசாகத் திரும்பி வந்தால் மாவிளக்குப் போடுவதாக அந்த அம்மனிடம்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். அவன் போன மறு மாதமே அம்மன் காணாமல் போய்விட்டது. பேருந்திலிருந்து இறங்கி வந்தவுடன் என்னிடம் அவள் முதலில் சொன்னது இதைத்தான். "யார்கிட்ட வேண்டுனேனோ அவளே இல்ல. எம் புள்ளைக்கு யாரு தொண இருக்கா, சொல்லுங்க?"

அடையாளம் காட்டுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அந்த அம்மனோடு அதே உயரத்தில் வேறு இரண்டு அம்மன்களையும் நிறுத்த வேண்டும். சாரும் நானும் கையுறை போட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கி, சுவரை ஒட்டிய மேசையில் மூன்றையும் முன்னால் பார்த்தபடி வைத்தோம், மீட்டது நடுவில். இரண்டு கை தள்ளிக் கயிறு கட்டினோம். நீதிமன்றப் பொருள், யாரும் நெருங்கக் கூடாது என்று சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மன்களின் இடது கைப் பக்கம், மேசை ஓரத்தில் ஜன்னலுக்குக் கீழே, வசந்தா டீச்சர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை ஆயிற்றே. மீட்ட சிலையைப் பதிவுக்காக ஒரு கோட்டுப்படம் போட்டுத் தரும்படி சாரே கேட்டிருந்தார்.

அஞ்சலை கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். உடுப்பில்லாத அம்மன்களைப் பார்த்ததும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கே கூச்சமாக இருந்தது.

"நல்லா பாத்து சொல்லும்மா. அவசரம் இல்ல" என்றார் ஆய்வாளர்.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"இல்லிங்கய்யா. எங்க அம்மா இதுல இல்ல."

"நடுவுல இருக்கறதப் பாரும்மா இன்னொரு தடவ."

"பாத்துட்டேங்க. இந்த முகத்த நான் பாத்ததே இல்ல."

ஆய்வாளர் எழுதிப் படித்துக் காட்டினார். அவள் கட்டைவிரலை உருட்டினாள். மையை எதில் துடைப்பது என்று தெரியாமல் நின்றாள். நான் என் துணியைக் கொடுத்தேன். சார் கையுறையைக் கழற்றி மடித்து வைத்தார்.

வெளியே போகிற வழி ஜன்னல் பக்கம்தான். அஞ்சலை விரலைத் துடைத்துக்கொண்டே டீச்சரைக் கடந்து போனாள். போனவள் நின்றாள். டீச்சரின் மடியில் இருந்த தாளைக் குனிந்து பார்த்தாள். பக்கவாட்டில் தெரிகிற முகம் மட்டும் அதில் இருந்தது. நெற்றி, மூக்கு, உதடு, தாடை, காதுக்குப் பின்னால் கிரீடத்தின் ஓரம்.

"டீச்சரம்மா, இங்கன ஒரு மூக்குத்தி போடுங்களேன்" என்றாள். குரலே மாறியிருந்தது.

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு பென்சிலால் மூக்கில் ஒரு கல் வைத்தார்.

"காதுக்குக் கீழ பூச்சரம். தோள் வரைக்கும் தொங்கும்."

டீச்சர் வரைந்தார். அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இந்தா இருக்காளே! எங்க ஆத்தா இந்தா இருக்காளே!" என்று தலைக்கு மேல் கையைக் குவித்தாள். பிறகு எழுந்து டீச்சரின் முக்காலிக்குப் பின்னால் போய், அங்கிருந்து மேசையைப் பார்த்தாள். நடுவில் இருந்த அம்மனின் இடது கன்னம் அங்கிருந்துதான் தெரியும். அவள் அழுத அழுகையில் அடுத்த கூடத்துக் காவலாளிகள் ஓடி வந்தார்கள்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. சாருக்கும்தான். பல்லக்கு கோயிலை வலமாகச் சுற்றும். வெளிப்பக்கம் நிற்கிறவர்களுக்கு அம்மனின் இடது பக்கம் தெரியும். ஒவ்வொரு தெரு முனையிலும் பல்லக்கைத் திருப்பி, அம்மன் முகம் தெரியக் காட்டித் தீபாராதனை செய்வார்கள். ஆனால் அஞ்சலையின் தெரு முனையில் மட்டும் திருப்புவதில்லை. அவளும் அவள் அம்மாவும் அவள் அம்மாவின் அம்மாவும் தெரு முனையில் கும்பிட்டபடி நின்று பார்த்ததெல்லாம் கடந்து போகிற அந்தக் கன்னத்தை மட்டும்தான். எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் மாதா தேரும் எங்கள் தெரு முனை வந்ததும் வேகம் எடுக்கும்.

"கோயிலுக்குள்ள போய் நேரா பாத்திருக்கலாமேம்மா. யாரும் தடுக்க முடியாதே" என்றார் சார், மெதுவாக.

"போவலாந்தாங்கய்யா. மறுநாளு அவங்க வயல்லதான நடவுக்கு எறங்கணும்."

சார் ஆய்வாளரிடம் போனார். இன்னொரு முறை அடையாள அணிவகுப்பு வேண்டும், சிலைகளைப் பக்கவாட்டில் நிறுத்த வேண்டும் என்றார். ஆய்வாளர் மோசமானவர் இல்லை. ஆனால் தலையில் அடித்துக்கொண்டார். "சார், இப்பதான் இல்லன்னு ரேகை வச்சிருக்கு. அந்த மை காயறதுக்குள்ள ஆமான்னா, கோர்ட்ல என்னை வச்சுச் சிரிப்பாங்க. எழுதிக் குடுங்க, வச்சுக்கறேன்." சார் எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் கூடத்தைப் பூட்டும்போது, "அந்தக் கயித்தக் கட்டச் சொன்னது நான்தான் சூசை" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வழக்கு இழுத்து இழுத்து ஒரு நாள் அஞ்சலையைக் கூண்டில் ஏற்றினார்கள். சிலையைக் கொண்டுபோன பொறுப்பு எனக்கு என்பதால் நானும் அங்கே இருந்தேன். மணல் தலையணையை மறக்காமல் எடுத்துப் போயிருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் டீச்சரின் படத்தைக் காட்டினார்.

"இந்த மூக்குத்தி சிலையில இருக்கா?"

"இல்லிங்க. அது திருநாளுக்கு வைக்கறது."

"நீங்க சொல்லித்தான டீச்சர் வரைஞ்சாங்க?"

"ஆமாங்க."

"அப்ப இது சிலையோட படம் இல்ல, உங்க மனசுல இருக்கற படம்." கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். "முன்னால பாத்து இல்லன்னீங்க. பக்கத்துல பாத்து ஆமான்னீங்க. ஏம்மா, உங்க சாமிக்கு ரெண்டு முகமா?"

அஞ்சலை கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அறங்காவலர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரை ஒரு தடவை பார்த்தாள். சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

"எங்க தெருப்பக்கம் அவள திருப்ப மாட்டாங்கய்யா. அதான் நேரா பாத்ததில்ல" என்றாள்.

அடுத்தபடியாக அறங்காவலரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரே ஒரு வார்த்தை, "ஆமாம், அப்படித்தான் வழக்கம்" என்று சொல்லியிருந்தால் அவள் பேச்சுக்கு உயிர் வந்திருக்கும், அம்மன் வீட்டுக்குப் போயிருப்பாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க ஊர்ல அந்த மாதிரி வேத்துமையெல்லாம் கிடையாதுங்க. எல்லாத் தெருவுக்கும் அம்மன் முகம் காட்டுவோம். யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார்.

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பொய் சொன்ன தடுமாற்றம் கூட அவரிடம் இல்லை. ஊர் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதிதான் முகத்தில் தெரிந்தது. அம்மனைவிட அவருக்கு அதுதான் பெரிதாக இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சிலை என் பொறுப்பில் இருந்ததால் அடங்கிக்கொண்டேன்.

தீர்ப்பு எப்படி வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த ஊர்ச் சிலை என்று நிரூபிக்கப்படவில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் வெளியே போனான். அம்மன் எங்களிடமே இருந்துவிட்டாள். காட்சியில் வைப்பதற்காகப் பெயர்ச்சீட்டு அடித்து வந்தது. அம்மன், வெண்கலம், கிடைத்த இடம் தெரியவில்லை. சார் அதை வெகு நேரம் கையில் வைத்திருந்தார்.

"இத நீ ஒட்டிடு சூசை. என்னால முடியல."

நான்தான் ஒட்டினேன். சரியாக, கோணாமல் ஒட்டினேன்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அஞ்சலையின் மகன் திரும்பி வந்தான். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. இயந்திரத்தில் போய்விட்டதாம். கம்பெனி விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டது. அவனைக் கூட்டிக்கொண்டு அஞ்சலை அருங்காட்சியகத்துக்கு வந்தாள். மாவிளக்கு கொண்டுவந்திருந்தாள். உள்ளே நெருப்பு ஏற்ற முடியாது என்று நான் சொல்லும் முன்பே, "தெரியுங்க, சும்மா வச்சு எடுத்துக்கறேன்" என்றாள். அம்மனுக்கு இடது பக்கமாகப் போய் நின்று, ஏற்றாத விளக்கைத் தரையில் வைத்துக் கும்பிட்டாள். முன்பக்கம் போகவே இல்லை. வசந்தா டீச்சர் அன்று வந்திருந்தார். அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு அவளுக்குக் கொடுத்தார்.

பிறகு சில வருடங்களில் அஞ்சலை ஊரின் பெரிய தெருக்கள் கிட்டத்தட்ட காலியாகிவிட்டன. திருநாள் நின்று போயிருந்தது. பல்லக்கு மட்டும் கோயில் மண்டபத்தில் கிடந்தது. வெளிநாடு போய்த் திரும்பிய அஞ்சலையின் தெருப் பையன்கள் சேர்ந்து திருநாளை மறுபடி எடுத்தார்கள். தடுக்க அங்கே ஆள் இல்லை. எனக்கும் டீச்சருக்கும் அழைப்பு வந்தது. சார் அப்போது இறந்துவிட்டிருந்தார்.

நாங்கள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். பல்லக்கில் சிலை இருக்க வேண்டிய இடத்தில் டீச்சரின் படம். மேலே மாலை, கீழே வாழைக்கன்று. அஞ்சலையின் மகன் முன்கொம்பை இடது தோளில் வாங்கியிருந்தான். பூட்டிய வீடுகள் இருந்த தெருக்களைச் சுற்றிவிட்டு, எந்தக் காலத்திலும் திரும்பாத அந்த முனையில் பல்லக்கு திரும்பியது. தெருவே கத்தியது. நான் கிறிஸ்தவன் என்பதையெல்லாம் மறந்து நானும் கத்தினேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பல்லக்கை நிறுத்தி, வீட்டைப் பார்க்கும்படி திருப்பினார்கள்.

அஞ்சலையின் வாசலுக்கு வந்தது. அவள் தட்டோடு நின்றாள். பல்லக்கு அவளை நோக்கித் திரும்பியது. கண்ணாடிக்குப் பின்னால் அம்மன் இருந்தாள். மூக்குத்தி, பூச்சரம், அதே இடது கன்னம். கண் மட்டும் எங்களைத் தாண்டி வேறெங்கோ, வந்த வழிப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தது.

அஞ்சலை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வாசல் வரைக்கும் தூக்கிட்டு வந்தாச்சு. இன்னமும் அந்தப் பெரிய தெருவத்தான் பாக்குறா, பாருங்க" என்றாள்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் வேற ஒண்ணு வரைஞ்சு தரேன் அஞ்சலை. நேரா உங்களப் பாக்குற மாதிரி. சிலை அங்கதான இருக்கு."

"வேணாங்க டீச்சரம்மா" என்றாள் அஞ்சலை. "அப்படி வந்தா யாரோ எவரோன்னு நெனச்சிக்கிட்டு நாங்க உள்ள போயிடுவோம்."

பிறகு கற்பூரத்தை ஏற்றி, அந்தக் கன்னத்துக்கு நேராகக் காட்டினாள்.